அண்ணன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு

அண்ணன் போன நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள், போனில் விசாரித்தவர்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாக எழுத ஆசைதான், முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். யாரையும் விட்டுவிடாதே என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எப்படியும் சிலர் விடுபட்டுப் போவீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணனைப் பிந்திப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்த சில நாட்களில் வந்த கடுமையான மஞ்சள் காமாலை அவருடைய மூளையைத் தாக்கிவிட்டது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி எல்லை மீறி ஏறினால், உடலின் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளையும் காதையும்தான் அது குறிவைக்கும். காது எப்படியோ தப்பியது. இப்போதெல்லாம் குழந்தையை நீல வெளிச்சத்தில் வைத்தும், தேவைப்பட்டால் ரத்தத்தை மாற்றியும் சரிசெய்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை, பெருமூளை வாதம் ஆயுளுக்கும் கூடவே வந்தது. கை, கழுத்து, நாக்கு எதுவும் சொன்னபடி கேட்காது. புத்தியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் எதிரிலேயே "இவருக்கு நாம பேசுறது புரியுமா?" என்று எங்களிடம் கேட்பவர்கள் கடைசிவரை இருந்தார்கள்.

அண்ணன் பேசப் பயன்படுத்திய எழுத்துப் பலகையைச் செய்து தந்த பேச்சுப் பயிற்சியாளருக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். தமிழின் 247 எழுத்தையும் ஒரே பலகையில் அடைத்தால் அண்ணனின் உதறும் கைக்கு ஒரு கட்டமும் சிக்காது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் மட்டும் பெரிய கட்டங்களாகப் போதும், அவர் மெய்யைக் காட்டி அப்புறம் உயிரைக் காட்டட்டும், சேர்த்துப் படிப்பது உங்கள் வேலை என்று அவர்தான் வழி சொன்னார். கை முற்றிலும் முடியாமல் போன பிறகு நாங்கள் கட்டம் கட்டமாக விரலை நகர்த்துவோம், வேண்டிய எழுத்து வந்ததும் அண்ணன் கண்ணை மேலே உயர்த்துவார். (வடவெழுத்துக்குக் கட்டம் இல்லாததால் எங்கள் வீட்டு ஜெபம் பலகையில் எப்போதும் 'செபம்'தான்!)

இப்படி ஒரு வரி சொல்லவே எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெபக்கூட்டத்தில் அவருடைய முறையும் மற்றவர்களைப் போலவே வரும் என்று போதகர் ஐயா சொன்னபோது எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஆனால் நீங்கள் காத்திருந்தீர்கள். வாக்கியத்தை ஊகித்து முடித்துவைக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசி எழுத்து வரும்வரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் ஆமென் சொன்னீர்கள். அண்ணனுக்கு நிறையப் பேர் நிறைய உதவி செய்திருக்கிறார்கள், தூக்கியிருக்கிறார்கள், பணம் தந்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கடன்பட்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இந்தக் காத்திருப்புதான் பெரியது.

மறுபக்கமும் இருந்தது. குணமாக்க ஜெபிக்கிறோம் என்று வந்து, தலையில் கை வைத்து, எழுந்து நட என்று சத்தம் போட்டு, நடக்கவில்லை என்றதும் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அம்மா அதற்காக அழுதிருக்கிறார். அண்ணன் ஒரே சொல்லைத்தான் காட்டினார்: பவுல். மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டவர் பவுல், வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 12இல் இருக்கிறது, முள் நீங்கவில்லை. அப்போஸ்தலனுக்கே விசுவாசம் போதவில்லையா என்று கேட்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது, வந்தவர்களுக்குப் புரிந்ததா தெரியாது.

வேதாகமத்தில் வரும் மேவிபோசேத் என்றால் அண்ணனுக்கு உயிர். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமானவன், பிறகு தாவீது ராஜாவின் பந்தியில் நித்தமும் சாப்பிட்டவன். கால் சரியானதாக அதில் ஒரு வரியும் இல்லை, பந்தியில் இடம் இருந்தது, அவ்வளவுதான். ஆலயத்தில் அண்ணனின் சக்கர நாற்காலி நடைபாதையில் தனியாக நிற்பதைப் பார்த்து, யாரும் கேட்காமலே ஒரு பெஞ்சின் முனையை அறுத்து வரிசைக்குள்ளேயே இடம் செய்து கொடுத்த தச்சர் அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரியுமோ என்னவோ. திருவிருந்தில் அப்பத்தின் சிறு துணுக்கை ரசத்தில் ஊறவைத்துக் கரண்டியில் கொடுத்து, அவர் விழுங்கி முடித்த பிறகே அடுத்தவரிடம் நகர்ந்த போதகர் ஐயாவுக்கும் நன்றி.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி, உனக்கும். அண்ணனின் ஜெபக் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் உன் கையெழுத்துதான். இதைப் படிக்கிற பலருடைய பெயர் அதில் இருக்கிறது, கூடவே பரீட்சை, வீட்டுக் கடன், முழங்கால் வலி என்று காரணமும். அண்ணன் அதை ஒரு வேலையாகவே செய்தார், முடிவு என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டு, தெரிந்த பிறகுதான் பெயரை அடிக்கச் சொல்வார்.

இந்த வாதத்தில் மூளைச் சேதம் கூடிக்கொண்டே போவதில்லை, ஆனால் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. கழுத்தெலும்பு, அப்புறம் விழுங்குவது. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்ப் போய்க் கடைசியில் நிமோனியாவில் முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட செவிலியர் சகோதரிகளுக்கும், குழாய் போடலாமா என்று எங்களைக் கேட்காமல் பலகையை எடுத்து அண்ணனிடமே கேட்ட இளம் டாக்டருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணன் வேண்டாம் என்றார். டாக்டர் இன்னொரு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, சரி என்றார்.

இன்னொன்று. சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படும் வீடு தெரிந்தால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம். மெத்தையின் மோட்டார் ராத்திரியில் கொஞ்சம் சத்தம் போடும், அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும்.