ஸ்கேன் படங்களுக்கும் முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவப் பதிவுகளின் பாதுகாப்பு என்றாலே, நோயாளியின் விவரம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதைத்தான் பெரிதும் பேசுகிறோம். அந்தக் கவலை நியாயமானதே. கடவுச்சொல்கூட இல்லாமல் நூற்றுக்கணக்கான சர்வர்கள் பல நாடுகளில் இணையத்தில் திறந்துகிடந்ததும், அவற்றில் கோடிக்கணக்கான ஸ்கேன் படங்கள் இருந்ததும் 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால், பல ஆண்டுகளாக ஸ்கேன் அறையில் பணிபுரியும் எனக்கு, அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று கவனிக்கப்படாமல் கிடப்பதாகத் தோன்றுகிறது. மருத்துவரின் திரையில் தெரியும் படம், கருவி எடுத்த அதே படம்தானா?

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. அதே 2019-ல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கை நுண்ணறிவின் துணையோடு நுரையீரல் சி.டி. படங்களில் இல்லாத புற்றுக்கட்டியைச் சேர்த்தும், இருந்த கட்டியை அழித்தும், அவற்றை மூன்று கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கட்டி சேர்க்கப்பட்டவற்றில் 99 சதவீதத்தைப் புற்றுநோய் என்றும், நீக்கப்பட்டவற்றில் 94 சதவீதத்தை நோயற்றவை என்றும் மருத்துவர்கள் முடிவு செய்தனர். படங்களில் கைவைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காட்டியபோதும் முறையே 60, 87 சதவீதப் படங்கள் அவர்களை ஏமாற்றின. மருத்துவமனை ஒன்றில் அனுமதி பெற்று நடத்திய சோதனையில், உள்ளங்கையில் அடங்கும் சிறிய கணினி ஒன்றை வலையமைப்பில் செருகி, ஸ்கேன் கருவியிலிருந்து செல்லும் படங்களை அவர்களால் வழியிலேயே இடைமறிக்க முடிந்தது.

தேர்ந்த கண்களாலேயே பிடிக்க முடியாத மாற்றத்தை மேலும் கூர்ந்து பார்ப்பதால் பிடித்துவிட முடியாது. குறை, படம் பயணம் செய்யும் முறையில் இருக்கிறது. கருவிக்கும் சேமிப்பு சர்வருக்கும் இடையே மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரநிலையான டைக்காம் வடிவிலுள்ள கோப்புகள், பல இடங்களில் இன்னும் மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) இல்லாமலே செல்கின்றன. அனுப்புவது எந்தக் கருவி என்பதற்குப் பெரும்பாலும் அது தனக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்றே சாட்சி.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதும் அல்ல. மறைகுறியாக்கத்துக்கும், கோப்பு யாரிடமிருந்து வந்தது, இடையில் மாறியதா என்று காட்டும் மின்னொப்பத்துக்கும் டைக்காம் தரநிலையிலேயே நெடுநாளாக இடம் இருக்கிறது. படம் உருவானவுடன் அதன் பிக்சல்கள் அனைத்திலிருந்தும் படத்தின் கைரேகை போன்ற ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, கருவிக்கே உரிய ரகசியச் சாவியால் ஒப்பமிட்டுவிட்டால், பின்னர் ஒரே ஒரு பிக்சல் மாறினாலும் ஒப்பம் பொருந்தாது. இந்த ஒப்பம் கருவியிலேயே விழ வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். சர்வருக்கு வந்த பிறகு ஒப்பமிட்டால், வழியில் திருத்தப்பட்ட படத்துக்கே நாம் சான்று வழங்கியவர்களாவோம். பிக்சல்களுக்குள்ளேயே நீர்க்குறியை, அதாவது கண்ணுக்குப் புலப்படாத அடையாளத்தைப் பதிக்கும் முறைகளும் உள்ளன. மூலப்படத்தை அப்படியே மீட்டெடுக்கக்கூடிய வகைகள் அவற்றில் இருந்தாலும், நோயைக் கண்டறிய உதவும் படத்தைத் தொடாமல், கோப்பில் தனியாக அமரும் ஒப்பமே மேல் என்பது என் கருத்து.

மின்னொப்பம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஒருமுறை, வேறொரு நிலையத்திலிருந்து நோயாளி கொண்டுவந்த குறுந்தகட்டைத் திறந்தபோது, படத்தின் மூலையில் ஒரு பெயரும், கோப்பின் விவரப் பகுதியில் வேறொரு பெயரும் இருந்தன. இது யாருடைய சதியும் அல்ல. பதிவு செய்யும்போது நேர்ந்த கைத்தவறாகவே இருக்க வேண்டும். ஆனால், எந்தப் பெயர் சரி, திருத்தியவர் யார், எப்போது திருத்தினார் என்று அந்தக் கோப்பிடம் கேட்க வழியே இருக்கவில்லை. அன்று அந்த நோயாளியை மறுபடியும் கதிர்வீச்சுக்கு உள்ளாக்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே தவறாகப் பதிந்த பெயரை ஒப்பம் திருத்தித் தராது. ஆனால், பிக்சல்களுக்கும் நோயாளி விவரத்துக்கும் தனித்தனியே ஒப்பமிட்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைச் செய்தவரின் ஒப்பத்தையும் கேட்டிருந்தால், படத்தையாவது ஐயமின்றி நம்பி, பெயரை எங்கே விசாரிப்பது என்று அறிந்திருப்போம்.

கருவி வாங்கும்போது மருத்துவமனைகள் படத்தின் தெளிவையும் வேகத்தையும் விலையையும் துருவிக் கேட்கின்றன; மின்னொப்பத்தைப் பற்றிக் கேட்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கேட்காததால் விற்பவர்களும் தருவதில்லை. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். படம் திறக்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஒப்பத்தைத் தானாகச் சரிபார்த்து, அது பொருந்தாவிட்டால் மருத்துவர் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் முன்பே எச்சரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கதிரியக்கத் தொழில்நுட்பர்