பிரிவுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவயதில் ஒன்றாக விளையாடி வளர்ந்த இருவர், இடையில் மனம் முறிந்து பேச்சற்றுப் போய், பல ஆண்டுகள் கழித்துக் காதலில் சேரும் கதைகள் உங்கள் இதழில் அடிக்கடி வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த கதை வகை இது. இதழைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் தேடுவேன். அந்த உரிமையில் ஒரு மனக்குறையைச் சொல்கிறேன்.

இந்தக் கதைகளில் பிரிவுக்கு அந்த இருவருமே பொறுப்பாவதில்லை. அவன் எழுதிய கடிதத்தை யாரோ மறைத்துவிடுகிறார்கள். அவள் சொன்னதாக வேறு ஒருவர் பொய் சொல்லிவிடுகிறார். முடிவு நெருங்கும் நேரத்தில் பழைய பெட்டிக்குள்ளிருந்து கடிதம் வெளியே வருகிறது. பத்து வருடக் கோபம் பத்தே வரியில் கரைந்துவிடுகிறது. இருவர்மேலும் தப்பில்லை என்றால் மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது?

சிநேகிதர்கள் பிரிவது பெரும்பாலும் அப்படியல்ல. நாலு பேர் சேர்ந்து அவளைக் கேலி செய்தபோது அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பான். அவன் நம்பிச் சொன்ன வீட்டுக் கஷ்டத்தை அவள் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருப்பாள். முன்பின் தெரியாதவர் செய்திருந்தால் மறுநாளே மறந்துபோகும். கூடவே வளர்ந்தவருக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியும். தெரிந்தே தொட்டார் என்பதுதான் ஆறுவதில்லை.

நம் பழம்புலவர்கள் இந்த உறவின் முரட்டுப் பக்கத்தை மறைக்கவில்லை. குறுந்தொகை 229ஆம் பாட்டில், இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுக்க, அவள் இவன் தலைமுடியைப் பற்றி இழுக்க, வளர்ப்புத் தாயரான செவிலியர் விலக்கியும் விடாமல் சண்டை நடக்கிறது. அந்தப் பிள்ளைகளா இப்படி ஒன்று சேர்ந்து போகிறார்கள் என்று வழியில் கண்டவர்கள் வியக்கிறார்கள். ஏழு அடிப் பாட்டில் முதல் நான்கு அடியும் மோதாசனார் சண்டைக்கே கொடுத்திருக்கிறார்!

கபிலரின் குறிஞ்சிக்கலிப் பாட்டு (கலித்தொகை 51) இன்னும் நுட்பமானது. சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்து, மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருகிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பற்றிவிடுகிறான். "அம்மா, இவன் செய்ததைப் பார்!" என்று அவள் அலற, தாய் ஓடி வருகிறாள். வந்தவளிடம், தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள் மகள். காட்டிக்கொடுக்கவும் வழி இருந்தது, காப்பாற்றவும் வழி இருந்தது. அவள் தானே ஒன்றைத் தேர்ந்தாள். தொலைந்துபோன கடிதம் இன்றைய கதாநாயகியிடமிருந்து பறிப்பது அந்தத் தேர்வைத்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். அவள் அப்பா இறந்த செய்தி தெரிந்தும் அவன் வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அதற்குப் பதில் சொல்லாமலே அடுத்த பக்கத்தில் மழையில் நனைந்தபடி காதல் பேசுவான். எனக்கு மனம் ஒப்புவதே இல்லை. ஊடல் உணவில் அளவான உப்புப் போன்றது, அதைச் சற்று நீளவிட்டாலும் உப்பு மிஞ்சிவிடும் என்கிறது 1302ஆம் குறள். ஒரு நாள் ஊடலுக்கே அந்த எச்சரிக்கை என்றால், ஆண்டுக்கணக்கில் மிஞ்சிய உப்பை ஓர் அணைப்பில் எப்படி எடுப்பது?

அடுத்த தொடருக்கு எழுத்தாளரை அழைக்கும்போது, கடிதம் எதுவும் தொலையாத ஒரு கதையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தான் செய்ததை அவன் தன் வாயாலேயே சொல்லட்டும். அவளும் உடனே இறங்கி வராமல் இரண்டு மூன்று வாரம் யோசிக்கட்டும். தொடர் நீண்டால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்