ஆயிரம் அல்ல, 732

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் யூதப் படுகொலையில் தப்பிய பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். "ஆயிரம் அநாதைப் பிள்ளைகளை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அவர்கள் பள்ளிக்கூடம் போய், பழையதை மறந்து முன்னேறினார்கள்" என்று அதில் ஒரு இடம். அதை வாசித்த பிறகு அன்றைக்கு என்னால் வேறு எதையும் வாசிக்க முடியவில்லை.

ஆயிரம் என்பது அனுமதித்த தொகை. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் வரலாம் என்றார்கள். வந்து சேர்ந்தவர்கள் 732 பேர். மிச்சத்தை நிரப்பப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1945 ஓகஸ்டில் முதல் முந்நூறு பேர் பிராகிலிருந்து விமானத்தில் வந்து, இங்கிலாந்தில் உள்ள வின்டர்மியரில் தங்கினார்கள். சாப்பாட்டு மேசைப் பாணை எடுத்து ஒளித்துவைத்த பிள்ளைகள் அவர்கள். நாளைக்கும் பாண் வரும் என்று நம்பவே அவர்களுக்கு நாள் எடுத்தது. மறந்தார்களாம்!

போலந்தில் 1939இல் பத்து வயதாக இருந்த பிள்ளை, போர் முடியும்போது பதினாறு. நடுவில் பள்ளிக்கூடமே இல்லை. அந்த வயதில் எந்த வகுப்பில் போய் இருப்பது? 1995 போர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது நான் ஒன்பதாம் ஆண்டு. சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது எனக்கு வயது பத்தொன்பது. என்னை யாரோ ஒரு பிள்ளையின் அக்கா என்று நினைத்து, மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அனுமதி அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர்கள் பட்டதையும் நாங்கள் பட்டதையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அம்மா அப்பா இருந்தார்கள். ஆனால் பிந்திப் படிக்கிறவளின் கூச்சம் எனக்குத் தெரியும்.

ரோல்ட் ஹோஃப்மன் ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுவரை ஒரு பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்திருந்தவர். அங்கே கிடந்த பழைய புத்தகங்களிலிருந்து அவருடைய தாய் பூகோளம் பாடமாக்க வைத்து, கேள்வி கேட்பாராம். தகப்பனைக் கொன்றுவிட்டார்கள். 1981இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர் பேரைக்கூட நீங்கள் போடவில்லை. போர் முடிந்ததும் ஜேர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து, கொன்றவர்களின் மொழியில் படித்த இளைஞர்களும் இருந்தார்கள். போருக்குப் பிந்திய அகதி முகாம்களில், யூதர்களுக்குத் தொழில் பழக்கும் ஓ.ஆர்.டி. நிறுவனம் தையலும் இயந்திர வேலையும் பழக்கியது. படிக்க ஆசைப்பட்ட எத்தனையோ பேருக்குக் கைத்தொழில்தான் வாய்த்தது. அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இது இந்தக் கட்டுரையோடு தொடங்கியதும் இல்லை. ஒவ்வொரு வருடமும் இங்கே பரீட்சை முடிவு வந்ததும் "முகாமில் படித்துச் சாதித்த மாணவி" என்று படம் போடுகிறீர்கள். நல்லது. அதே முகாமில் ஒரு மேசை விளக்குகூட இல்லாமல் நின்றுபோன மற்றப் பிள்ளைகளிடம் உங்கள் நிருபர் ஒருநாளும் போகவில்லை. இதை மூன்று வருடத்துக்கு முன்னும் எழுதினேன். பாராட்டிய பந்தியை மட்டும் பிரசுரித்தீர்கள்.

இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அந்த ஆயிரத்தை 732 என்று திருத்தி, மிச்சப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வவுனியா