கராஜ் சீலிங்கில் டவுன்லைட்: முகத்தைப் பார்க்கும் முன் ஆழத்தை அளப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் வேலைகள் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொடங்கிவிட்டன. தோட்டத்து லயன் வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவும் கார் போர்ச்சை அடைத்து, ரோலர் ஷட்டர் போட்டு, கராஜாக மாற்றிக்கொள்கின்றன. கான்கிரீட் கூரைக்குக் கீழே பிளாஸ்டர் சீலிங் கட்டி அதில் துளையிட்டு டவுன்லைட் விளக்குகளைப் பதிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் விளக்கின் முகத்தைப் பார்த்து வாங்குகிறோமே தவிர, அது போய் உட்காரப்போகும் இடத்தின் ஆழத்தை யாரும் அளப்பதில்லை. அது பற்றியே இக்கடிதம்.

செம்பனை ஆலையின் மின்பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கராஜில் சீலிங் கட்டியபோது, வேலையை ஒரு குத்தகையாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஆறு டவுன்லைட்டுகளும் அழகாக எரிந்தன. எட்டாவது மாதத்தில் இரண்டு விளக்குகள் மினுக்கத் தொடங்கின. அடுத்த மாதம் ஒன்று அணைந்தே போயிற்று. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு அதைக் கீழே இறக்கிப் பார்த்தேன். சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 75 மில்லிமீட்டர் மட்டுமே. விளக்கின் உடல் 50 மில்லிமீட்டருக்கும் மேல். அதன் தலையிலேயே, வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் பெட்டியை வைத்து, கான்கிரீட்டோடு சேர்த்து அமுக்கியிருந்தார்கள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அந்தப் பெட்டி தே தாரிக் தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒயரை வளைத்தபோது அதன் உறை வெடித்து உதிர்ந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது.

இதன் காரணத்தைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். எல்இடி விளக்கு சூடாகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முன்பக்கம் கை வைத்தால் சுடுவதில்லை என்பது உண்மைதான்; ஏனெனில் பழைய குண்டு பல்பு தன் வெப்பத்தின் பெரும் பகுதியை ஒளியோடு சேர்த்து முன்னால் வீசியது, எல்இடியோ அதைப் பின்பக்க அலுமினியத்தின் வழியாகவே வெளியேற்றியாக வேண்டும். வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் இன்னமும் வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பத்தை ஏற்றுக்கொள்ளக் காற்று வேண்டும். மூன்று அங்குல ஆழத்தில் நாலாபுறமும் அடைபட்ட சீலிங் இடைவெளிக்குள் அந்தக் காற்று எங்கும் போக வழியில்லை. போதாக்குறைக்கு, வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் விளக்கு போடும் நேரமும் அதுவே. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆக, பெரும்பாலும் முதலில் சாவது எல்இடி அன்று, அதன் டிரைவரே.

எனவே கடைக்குப் போவதற்கு முன் அளக்க வேண்டும். அதற்குச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, சீலிங்கில் விளக்கு வரவிருக்கும் இடத்தில் சிறு துளை போட்டு, ஒரு சாத்தே குச்சியை கான்கிரீட்டைத் தொடும் வரை மெல்ல விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்தால் ஆழம் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் அளந்து நின்றுவிடக் கூடாது. சட்டம் ஓடும் இடத்திலும் தளம் சாய்ந்திருக்கும் இடத்திலும் அளவு மாறும். விளக்கு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. பக்கவாட்டு ஸ்பிரிங்குகள் விளக்கை உள்ளே தள்ளும்போது நிமிர்ந்து நிற்கும். உடல் 30 மில்லிமீட்டராக இருந்தாலும் அந்த ஸ்பிரிங்கின் நீளத்துக்கும் மேலே இடம் வேண்டும்.

ஆழம் குறைந்த இடைவெளிக்கு ஏற்றது, டிரைவர் தனியாக வரும் மெல்லிய தட்டு வகை டவுன்லைட். அதில் சிறு சிறு எல்இடிகள் அகன்ற தகட்டில் பரவியிருப்பதால் சூடும் பரவிவிடுகிறது. சிஓபி எனப்படும் வகையில் காசளவு இடத்தில் சூடு குவிவதால், அதை இறக்க உயரமான அலுமினியச் சிறகுகள் தேவை. 75 மில்லிமீட்டர் இடைவெளிக்கு அது சரிவராது. டிரைவரை விளக்கின் மேல் வைக்காமல் ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். பழுதானால் அதே துளை வழியாக வெளியே இழுக்கும்படி ஒயரில் சற்று நீளம் விட்டுவைப்பது நல்லது. டிரைவரின் மேல் டி.ஏ. 45 என்று இருந்தால், சுற்றியுள்ள காற்று 45 டிகிரி செல்சியஸ் வரை அது தாங்கும் என்று பொருள். நம் ஊர்க் கான்கிரீட்டின் கீழ் அதற்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். ஒரே 18 வாட் விளக்குக்குப் பதில் இரண்டு 9 வாட் விளக்குகள் போட்டால் சூடும் பிரியும், நிழலும் குறையும். இடைவெளி 50 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தால் பதிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சீலிங்கின் வெளியே ஒட்டினாற்போல் பொருத்தும் விளக்கை வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதில் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

விளக்கு வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலான கராஜ்களில் விளக்குகள் நடுவில் ஒரே வரிசையில் இருக்கின்றன. கார் உள்ளே வந்ததும் அவை காரின் கூரைக்கு மட்டுமே வெளிச்சம் தருகின்றன. பானெட்டைத் திறந்தால் இருட்டு, டயருக்குக் காற்று பார்க்கக் குனிந்தால் இருட்டு. காருக்கும் சுவருக்கும் நடுவில் இரு பக்கமும், பானெட்டுக்கு நேரே ஒன்றும் என்று வைத்தால் குறைந்த வாட்டிலேயே வேலை நடக்கும். தரமில்லாத டிரைவர்கள் ஆட்டோகேட் ரிமோட்டின் அலையைக் குழப்புவதும் உண்டு. விளக்கு எரியும்போது மட்டும் ரிமோட் தூரத்திலிருந்து வேலை செய்யாவிட்டால் கேட்டைக் குறை சொல்லாமல் விளக்கைப் பாருங்கள்.

சிரிம் தர முத்திரை உள்ள பொருளையே வாங்குவதும், இணைப்பை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் விடுவதும் நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

ஹார்ட்வேர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடைப் பலகையில் டவுன்லைட்டுகள் முகம் மட்டும் தெரியும்படி வரிசையாக எரிகின்றன; துளையின் விட்டமும் விலையும் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் பக்கத்தில், ஸ்பிரிங்கையும் சேர்த்து எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையும் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். சீலிங் கட்டி, சாயம் பூசி முடித்த பிறகு ஆழம் போதவில்லை என்று தெரிந்தால், விளக்கை மாற்றும் செலவைவிடச் சீலிங்கை உடைக்கும் செலவு அதிகம். என் வீட்டில் நான் உடைத்துத்தான் மாற்றினேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்