பெட்டியை வாங்க ஒரு ஆள் வையுங்கள்: சிட்டி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் டெவலப்பர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஜிடிஏ 5 ஆட்டத்துக்குள் ஆளுக்கொரு கேரக்டராக வாழ்ந்து நடிக்கும் ரோல்பிளே சர்வர்தான் நம் சிட்டி. இங்கே நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. டவுனுக்குள் இருக்கும் மெக்கானிக் கடையில் என் கேரக்டர் வேலை பார்க்கிறது. என்மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. நானும் உங்களிடம் எதையும் கேட்டு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. புதிதாக வருகிறவர்கள் வேறு எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கும் முன் முடிக்க வேண்டிய டெலிவரி 15-இல் இருந்து 40 ஆகிவிட்டது. ஏற்கெனவே பாதியில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான் என்று அடியில் ஒரு வரி.

அந்த ஒரு வரியால் என் நண்பன் சிட்டியை விட்டே போய்விட்டான்.

அவன் மதுரையில் ஒரு உணவு டெலிவரி ஆப்பில் வண்டி ஓட்டுகிறவன். இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார பன்னிரண்டு ஆகிவிடும். காலையில் மறுபடி கிளம்ப வேண்டும் என்பதால் அவனுக்குக் கிடைப்பது 45 நிமிடம். ஆறு மாதம் நச்சரித்து அவனை நான்தான் அழைத்து வந்தேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, இந்த மாதிரி சர்வருக்குள் நுழையத் தேவையான ஃபைவ்எம் மென்பொருளை ஏற்றி, உள்ளே வர அனுமதி கேட்கும் ஒயிட்லிஸ்ட் படிவத்துக்கு இரண்டு பக்கம் கேரக்டர் கதை எழுதினான். கேரக்டரின் பெயர் டீ மாஸ்டர் சுடலை. பாளையங்கோட்டையில் முப்பது வருடம் டீ ஆற்றியவர், பேச்சுவார்த்தை இல்லாமல் போன மகனைத் தேடி ஆட்டத்தில் வரும் ஊரான லாஸ் சான்டோஸுக்கு வருகிறார், வந்த இடத்தில் ஒரு டீக்கடை போட நினைக்கிறார். இன்டர்வியூ எடுத்த உங்கள் ஆளே சிரித்துவிட்டு, "இந்தக் கேரக்டர் சிட்டிக்கு வேணும்ணே" என்றார். அந்த வார்த்தைக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். அதைக் கேட்டு அவன் அன்று ராத்திரி தூங்கவில்லை.

அப்புறம் சுடலை என்ன செய்தார்? துறைமுகத்து டெப்போவில் டெபாசிட் கட்டி ஒரு வேன் எடுத்தார். ஈ பட்டனை அழுத்தினால் ஒரு பட்டை நகரும், அது நிரம்பியதும் கையில் ஒரு அட்டைப் பெட்டி வரும். பெட்டியோடு ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். வேனில் வைத்து, மேப்பில் காட்டும் மஞ்சள் கோட்டைப் பிடித்துப் போக வேண்டும். தூரமாக விழுந்தால் கிரேட் ஓஷன் ஹைவே வழியாக பலேட்டோ பே வரை. அங்கே ஒரு வீட்டு வாசலில் தரையில் ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் நின்று மறுபடி ஈ, மறுபடி ஒரு பட்டை. பெட்டி கையிலிருந்து மறையும், கணக்கில் காசு ஏறும். கதவு திறக்காது. யாரும் வர மாட்டார்கள். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது, யார் கேட்டது, வராமல் போயிருந்தால் யாருக்கு நஷ்டம் என்று எதுவுமே கிடையாது. திரும்பி வந்து அடுத்த பெட்டி.

கிட்டத்தில் விழுவது, தூரத்தில் விழுவது எல்லாம் சேர்த்து ஒரு டெலிவரிக்குச் சராசரியாக 9 நிமிடம் ஆகிறது, நானே ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தேன். நாற்பதுக்கு ஆறு மணி நேரம். அவனுடைய 45 நிமிடக் கணக்கில் எட்டு இரவு. அந்த எட்டு இரவும் ஒரு மனிதரிடம் பேசாமல்.

அவன் ஐந்து இரவு ஓட்டினான். அதில் சுடலை ஒரே ஒரு ஆளிடம்தான் பேசினார். மூன்றாம் நாள் ஹைவேயில் வேகமாகப் போனதற்காக ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். லைசென்ஸ் கேட்டார். "லைசென்ஸ் இருக்குங்கய்யா, கண்ணாடியத்தான் ஊர்ல வச்சிட்டு வந்துட்டேன்" என்று சுடலை ஆரம்பிக்க, பத்து நிமிடம் போனது. மகன் கதை, டீ கதை எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் அபராதம் போட்டுவிட்டு, கடை திறந்தால் சொல்லுங்கள், முதல் டீ எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த போலீஸ்காரர். மறுநாள் அவன் எனக்கு போன் செய்து இதையே மூன்று முறை சொன்னான். ஐந்து இரவில் அவனுக்குக் கிடைத்த சந்தோஷம் ஒரு டிராஃபிக் ஃபைன். இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பு வந்தபோது அவன் கணக்கு 13/15. மறுநாள் உள்ளே வந்தால் 13/40. அப்போதும் அவன் விடவில்லை, 22 வரை போனான். இருபத்து மூன்றாவது பெட்டியோடு பாதி வழியில் இருக்கும்போது சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. வேனும் போனது, டெபாசிட்டும் போனது. அதற்கும் அவன் கோபப்படவில்லை. எனக்கு ஒரு வாய்ஸ் நோட் மட்டும் அனுப்பினான். "நிஜத்துல நான் கொண்டுபோற பார்சலை வாங்க ஒரு ஆள் இருக்குடா. வெயில்ல போனா தண்ணி வேணுமான்னு கேக்குற பாட்டி இருக்கு. லேட்டானா திட்டுறவன் இருக்கான். இங்க அதுவும் இல்லையேடா."

பகலெல்லாம் டெலிவரி செய்கிறவன் ராத்திரியும் டெலிவரியா என்று சலித்துப் போனான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது இல்லை. அவன் வேலையில் இருக்கிற மனிதர்கள்கூட நம் சிட்டியின் வேலையில் இல்லை. ரோல்பிளே என்று பெயர் வைத்த இடத்தில், அவனுடைய பைக் சீட்டில் இருக்கும் ரோல்பிளேகூட இல்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். பெட்டியை வாங்க ஒரு ஆள் வையுங்கள்.

உங்கள் பக்கக் காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. வந்த அரை மணி நேரத்தில் காரை எடுத்து ஆட்கள் மேல் ஏற்றுகிறவர்களை வடிகட்ட வேண்டும். புதிதாக வந்தவன் முதல் நாளே துப்பாக்கி வாங்கும் அளவுக்குக் காசு புழங்கக் கூடாது. சரி. ஆனால் அப்படி வண்டியை ஏற்றிக் கொல்ல (விடிஎம்) வந்தவன் உங்கள் வேனையே எடுத்து ஏற்றுகிறான், அவனுக்குப் பெட்டிக் கணக்கைப் பற்றிக் கவலை கிடையாது. பொறுமையாக உட்கார்ந்து பேச வந்தவனைத்தான் நாற்பது பெட்டி விரட்டுகிறது. இந்த இரண்டு வருடத்தில் நான் அழைத்து வந்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் டெப்போவைத் தாண்டவே இல்லை. அதில் ஒருவர்கூட ரூல் மீறவில்லை. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் தடை செய்தவர்களின் பான் லிஸ்ட்டில் இவர்கள் பெயர் இருக்காது என்பதால் இழப்பு உங்கள் கண்ணில் படாமல் போகிறது.

டெலிவரி வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதை மட்டுமே முழு ஆட்டமாக வைத்து 2019-இல் வந்தது டெத் ஸ்ட்ராண்டிங். முதுகில் அடுக்கிய பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆளே சாய்வான். நமக்கு முன்னால் போன யாரோ ஒரு பிளேயர் போட்டுவிட்டுப் போன ஏணி, பள்ளத்தில் நமக்குக் கிடைக்கும். யாரென்றே தெரியாத அந்த ஆளுக்கு ஒரு லைக் போட்டுவிட்டுத்தான் ஏறுவோம். நேரில் ஒருவரையும் பார்க்காமலே ஆள் இருக்கிற உணர்வு வந்துவிடும்.

விண்வெளிக் கப்பல் ஓட்டும் ஆன்லைன் ஆட்டமான ஈவ் ஆன்லைனைப் பாருங்கள். 2003-இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. அங்கே கூரியர் கான்ட்ராக்ட் போடுகிறவர் இன்னொரு பிளேயர். இந்தச் சரக்கைப் பெரிய சந்தை இருக்கும் ஜிடாவுக்குக் கொண்டுபோ, இத்தனை நாளுக்குள், கூலி இவ்வளவு, ஈடாக இவ்வளவு கட்டு என்று அவர்தான் தீர்மானிக்கிறார். கொண்டுபோகிறவன் சொதப்பினால் ஈட்டுத் தொகை சரக்குக்காரருக்குப் போய்விடும். வழியில் யூடாமா மாதிரி இடங்களில் கப்பலை அடித்துச் சரக்கைப் பறிக்கக் காத்திருப்பதும் பிளேயர்கள்தான். நம் வேன் ஓட்டுவதைவிட அந்தக் கப்பல் ஓட்டுவது மெதுவானது, நீண்ட நேரம் பிடிப்பது. ஆனாலும் ரெட் ஃப்ராக் ஃப்ரெய்ட் என்று பிளேயர்களே சேர்ந்து சரக்குப் போக்குவரத்துக்கென்று ஒரு குழு வைத்து நடத்தினார்கள். சரக்கு ஒருத்தருக்குச் சொந்தம், அது வந்து சேருமா என்று அவர் காத்திருக்கிறார். இது போதும், வேறு ஜிகினா எதுவும் வேண்டாம்.

2004-இல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் வந்த ஒன் ஸ்மால் ஃபேவர் என்ற குவெஸ்ட்டை (ஆட்டத்துக்குள் கொடுக்கும் வேலையை) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன உதவி என்று ஒருவர் கேட்க, அதற்குப் போன இடத்தில் அடுத்தவர் இன்னொரு உதவி கேட்க, உலகம் பூராவும் அலைய விடுவார்கள். விளையாடினவர்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே கதை கதையாகச் சொல்வார்கள். ஏனென்றால் போகிற இடத்திலெல்லாம் தன் சொந்தப் பிரச்சினையோடு ஒரு ஆள் நிற்கிறான். நம் மஞ்சள் வட்டத்தைப் பற்றி எவனாவது எவனிடமாவது கதை சொல்லியிருக்கிறானா?

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் ஆட்டம் இன்னொரு பாடம். அதன் ஆரம்பக் கதையில் இங்கே போ, அங்கே கொடு என்கிற வேலைகள் மலை மாதிரிக் குவிந்திருந்தன. நல்ல கதை பின்னால் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்று பழையவர்கள் புதியவர்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் 5.3 பேட்ச் வந்தபோது அந்த ஆரம்பக் குவெஸ்ட்டுகளில் பலவற்றை அவர்களே வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் தான் எழுதினதைத் தானே குறைத்தது. அதே மாதிரி வேலையை நாம் 15-இல் இருந்து 40-க்கு ஏற்றியிருக்கிறோம்.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நன்கொடைப் பேக்கேஜ் வாங்கினவர்களுக்கு இந்த நாற்பது கிடையாது. ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் வந்த அன்றே கேங்கில் சேர்கிறார்கள். சர்வருக்கு மாதச் செலவு இருக்கிறது, பார்வையாளர்கள் வேண்டும், எல்லாம் புரிகிறது. ஆனால் அப்படி விலக்குக் கொடுக்கும்போதே ஒன்றை ஒத்துக்கொள்கிறீர்கள்: இந்த வேலை நன்றாக இல்லை, காசு கொடுத்தால் தப்பிக்கலாம். காசு இல்லாதவனுடைய 45 நிமிடத்துக்கு மதிப்பே இல்லையா? இந்தப் பழக்கம் நம் சிட்டியோடு நிற்பதும் இல்லை. ஆன்லைன் ஆட்டம் எதை எடுத்தாலும் புதிதாக வந்தவனின் நேரத்தைத்தான் முதலில் வீணடிக்கிறார்கள். மேலே ஏறினவனுக்கு விருந்து, வாசலில் நிற்கிறவனுக்கு மூட்டை.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

எங்கள் மெக்கானிக் கடைக்கு எஞ்சின் பார்ட்ஸ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மெனுவைத் திறந்து வாங்குகிறோம், கடையின் சரக்குப் பெட்டியான ஸ்டாஷில் வந்து விழுகிறது. ஹாஸ்பிட்டலுக்கு பேண்டேஜ் அப்படித்தான், பர்கர் கடைக்கு பன் அப்படித்தான். இந்தச் சரக்கையெல்லாம் அந்த வேன்களில் ஏற்றி விடுங்கள். புதிதாக வந்தவன் எங்கள் கடைக்கு வரட்டும், நாங்கள் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். லேட்டானால் ஏன் லேட் என்று கேட்கிறோம். எங்களுக்கு அவன் பெயர் தெரியும், அவனுக்கு எங்கள் கடை தெரியும். நாலு நாள் கழித்து வேலை கேட்டு வந்தால், அட, சுடலை அண்ணாச்சி வாங்க என்று கூப்பிட ஒரு ஆள் இருக்கும்.

எல்லா நேரமும் கடையில் ஆள் இருக்காதே என்பீர்கள். எத்தனை போலீஸ் டியூட்டியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தானே வங்கிக் கொள்ளையையே திறந்து விடுகிறீர்கள்? அதே எண்ணிக்கைக் கணக்கை இங்கேயும் வையுங்கள். கடையில் ஆள் டியூட்டியில் இருந்தால் பெட்டி அங்கே போகட்டும், இல்லையென்றால் பழைய மஞ்சள் வட்டத்துக்குப் போகட்டும். ஆள் கையில் கொடுத்த பெட்டிக்கு மூன்று பெட்டிக் கணக்கு கொடுங்கள். நாற்பதை மறுபடி பதினைந்தாக்கினால் ரொம்ப சந்தோஷம். முடியாது என்றால்கூடப் பரவாயில்லை, பெட்டியை வாங்க ஒரு ஆள் மட்டும் வையுங்கள். ஏற்கெனவே பாதியில் இருந்தவர்களுக்குப் பழைய கணக்கையே திருப்பிக் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் போன டெபாசிட்டையும் பார்த்துச் செய்யுங்கள்.

இதற்கு ஸ்கிரிப்ட் எழுத நாளாகும் என்று தெரியும். அதுவரைக்கும் எங்கள் கடையில் ஏழு பேர் இருக்கிறோம். எல்லாரிடமும் பேசிவிட்டேன். வேன்கள் போகிற இடங்களில் நான்கைந்தை மட்டும் எங்கள் கடை வாசலுக்கு மாற்றிக் கொடுங்கள், இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை முறை வைத்து ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அங்கே நின்று வாங்கிக்கொள்கிறோம். பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்கும் முறையை நானே எடுத்துக்கொள்கிறேன். நண்பனிடமும் சொல்லியிருக்கிறேன், கேரக்டரை இன்னும் அழிக்காமல்தான் வைத்திருக்கிறான்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மெக்கானிக் கடைக்காரன்