திறப்பு யாரிடம்?

வன்னிக் கிராமங்களின் விளையாட்டுக் கழகத் தலைவர்கள், செயலாளர்களுக்கு,

தம்பிமாரே,

உங்களில் பலரை ஓட்டக்கோட்டில் நிறுத்தி விசில் ஊதியவள் நான். இப்போது 67 வயது, ஓய்வூதியக்காரி. ஊரின் முதியவர்களுக்கும் செயற்கைக்கால் பொருத்தியவர்களுக்கும் உங்கள் மைதானத்தில் வலுப் பயிற்சி நடத்த இடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கதிரையில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணினேன். ஒன்பது. என் வயதுப் பெண்ணுக்கு 11க்குக் குறைந்தால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடற்கல்வி படிப்பித்தவளின் கால்கள் இவை! பக்கத்து வீட்டு அக்கா ஆறோடு நிறுத்திவிட்டு, "வயல் வேலை செய்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு?" என்று சிரித்தார்.

செய்த உடம்பு என்பது சரி. இப்போது காலபோக நெல்லை இயந்திரம் வெட்டுகிறது, கிணற்றுத் தண்ணீரை மோட்டர் இறைக்கிறது, சந்திக்குப் போவதற்கும் ஸ்கூட்டி. மிஞ்சியிருக்கும் களைபிடுங்கல் முதுகை நோகவைக்கிறது. கால் தசைக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. பழகிய பாரத்துக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் தசை வலுக்கும். அதிலும் முதல் சில வாரங்களில் நரம்புகள்தான் தசையைக் கூடுதலாக வேலை வாங்கப் பழகுகின்றன. தசை தடிப்பது பிறகு. கண்ணாடி பார்த்துவிட்டு மூன்றாம் வாரமே கைவிடும் உங்கள் இளவட்டங்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

வயது போய்விட்டதே என்பீர்கள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பொஸ்டன் முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அது இறங்கவும் தொடங்கியது.

அதனால்தான் சித்திரை விழாவில் ஒருநாள் மட்டும் முதியவர்களான எங்களைக் கயிறு இழுக்க வைத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி தந்து அனுப்புவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வாளிகள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

இன்னொரு கூட்டமும் உண்டு. செயற்கைக்கால் பொருத்திய உங்கள் வயதுக்காரர்கள் கரப்பந்தாட்டம் நடக்கும்போது மதிலோரம் நின்று பார்க்கிறார்கள். படிப்படியாகப் பாரம் ஏற்றும் இந்த முறையை வைத்தியர் தோமஸ் டிலோர்ம் ஒழுங்குபடுத்தியதே இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட படையினருக்காகத்தான், சிக்காகோ இராணுவ வைத்தியசாலையில். செயற்கைக்காலை வீசி நடக்க இடுப்புத் தசை வேண்டும். அதை வளர்க்கும் பயிற்சி அவர்களுக்கு மருத்துவமனையோடு முடிந்துவிட்டது.

65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாளாவது வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. நான் கேட்பதும் மூன்று பின்னேரம்தான்: திங்கள், புதன், சனி, நாலரை முதல் ஐந்தரை வரை. மைதானத்தின் மரநிழல் பக்கம் போதும். உங்கள் வலைக்கு இடைஞ்சல் இல்லை. இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். மணல் நிரப்பிய சோடாப் போத்தல்களை நாங்களே கொண்டு வருவோம். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களை முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மூச்சை அடக்காமல் தூக்கப் பழக்குவது என் பொறுப்பு.

கதிரைகள் மட்டும் வேண்டும். விழாவுக்கு வாங்கியவை கழக அறைக்குள் அடுக்கியபடி கிடக்கின்றன. பூட்டு வெளியில் தொங்குகிறது. தலைவரைக் கேட்டால் செயலாளரிடம் என்கிறார், செயலாளரைக் கேட்டால் பொருளாளரிடம் என்கிறார். வருகிற திங்கட்கிழமைக்குள் ஒருவர் திறப்பைக் கொண்டுவந்து தாருங்கள்.

உங்கள் பழைய விளையாட்டு ஆசிரியை