ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு நடைபாதை: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தக்காளி மண்டிக் கணக்கர்,
கோட்டை அடிவாரம், ராயக்கோட்டை,
தேன்கனிக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: ராயக்கோட்டையில் புதிதாகக் கட்டப்பட்டுள்ள தங்கும் விடுதியிலிருந்து மலைக்கோட்டைப் படிக்கட்டு வரை நடைபாதை அமைக்க அனுமதி அளிக்கவும், அதை ஊர்ப் பொதுவழியாகவே வைத்திருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ராயக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். இருபத்தாறு வருடமாக இங்கே ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே மலை ஏறி இறங்கி, குளித்துவிட்டு மண்டிக்குப் போவது என் பழக்கம். புதிய விடுதிக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. என் உறவினர் யாரும் அங்கே வேலையிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அந்த விடுதிக்காரர்கள் கேட்டிருக்கும் பாதைக்கு அனுமதி கொடுங்கள் என்றுதான் நானும் கேட்க வந்திருக்கிறேன்.

விடுதியிலிருந்து கோட்டைக்குப் போக இப்போது இருக்கும் ஒரே வழி மண்டிச் சாலை. அந்தச் சாலையை எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம், தினமும் அங்கே வரும் வண்டிகளை எண்ணி எழுதுவதே என் வேலை. காலை நான்கு மணிக்கெல்லாம் கெலமங்கலம் பக்கமிருந்தும் பாலக்கோடு பக்கமிருந்தும் பிக்கப்பும் டெம்போவும் டிராக்டரும் வரத் தொடங்கும். தக்காளிப் பெட்டிகளான கிரேடுகளை ஐந்தாறு அடுக்காக ஏற்றி, கயிறு கட்டி, சில வண்டிகளில் பக்கவாட்டில் ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு வரும். ஏலம் முடிந்ததும் வெளியூருக்கு லோடு ஏற்றும் லாரிகள் இரண்டு பக்கமும் நின்றுவிடும். நடப்பவருக்கு மிஞ்சுவது நடுச்சாலைதான். ஓரத்தில் கொட்டிய அழுகல் தக்காளி மேல் கால் வைத்தால் வழுக்கும். இதில் விவசாயி மேலோ டிரைவர் மேலோ குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சரக்கு நேரத்துக்கு வரவில்லை என்றால் விலை போய்விடும், அவர்கள் அவசரம் எனக்குப் புரியும். நடக்கிறவர்களுக்கு என்று ஒரு வழி இல்லை என்பதுதான் குறை.

போன வருடம் சேலத்திலிருந்து என் அக்கா வந்திருந்தார். சின்ன வயதில் நாங்கள் ஏறி விளையாடிய மலையைப் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, காலை ஏழு மணிக்கு அவனைக் கைப்பிடித்துக்கொண்டு கிளம்பினார். பின்னால் வந்த ஒரு பிக்கப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிரேடு அவர் தோளில் இடித்துத் தள்ளிவிட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். பையன் சாலையின் அந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அக்கா அதற்குப் பிறகு ராயக்கோட்டைக்கு வரவில்லை. பேரன் இன்னும் மலையைப் பார்க்கவில்லை.

அவன் பார்க்க வேண்டிய மலை அது. பன்னிரண்டு கோட்டைகளின் பேரால் பாராமகால் என்று சொல்லும் பகுதியின் முக்கியமான கோட்டைகளில் எங்கள் கோட்டையும் ஒன்று. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கீழே பாராமகாலுக்கு இறங்கும் கணவாய் வழியை இந்த மலையில் இருந்தவர்கள் கையில் வைத்திருந்தார்கள். அதனால்தான் 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் காரன்வாலிஸ் படையிலிருந்து மேஜர் கௌடி என்பவர் வந்து இதைப் பிடித்தார். அடுத்த வருடம், 1792-இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது ராயக்கோட்டையும் கம்பெனி கைக்குப் போனது. 1799-இல் திப்புவோடு கடைசிச் சண்டைக்குப் போன ஜெனரல் ஹாரிஸின் படை, இந்த மலை அடியில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிற நான்காம் மைசூர்ப் போர் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனது, அதைச் சொல்லித் தர அந்த இடத்துக்கே கூட்டிப் போகலாம். மேலே போனால் இடிந்த மதில் இருக்கிறது, சுவர் மட்டும் நிற்கும் கட்டடங்கள் இருக்கின்றன, பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர் இருக்கிறது. விடியும் நேரத்தில் அங்கே நின்று கீழே பார்த்தால் பனிக்கு நடுவில் மண்டி விளக்குகள் மட்டும் தெரியும். எத்தனையோ நாள் பார்த்துவிட்டேன், எனக்கு அலுக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் வருகிறவர்கள் குறைவு. சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இளைஞர்கள் பைக்கில் வருவார்கள். பெங்களூர் – சேலம் ரயில் பாதையில் எங்கள் ஊர் நிலையம் இருப்பதால் ரயிலிலும் சிலர் வருவதுண்டு. ஏறி இறங்கியதும் போய்விடுவார்கள், தங்க இடம் இருந்ததில்லை. இப்போது விடுதி வந்திருக்கிறது. அதில் தங்குகிறவர் வாசலைத் தாண்டியதும் லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்பிப் போய் அறையிலேயே உட்கார்ந்துகொள்வார்.

அப்புறம், பாதை விஷயத்துக்கு வருகிறேன். விடுதியின் பின்பக்கத்தில் பழைய வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது. என் தாத்தா காலத்தில் அதில் மாட்டுவண்டி போனது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. ஓரிடத்தில் மழைத்தண்ணீர் ஓடும் சிறு ஓடை குறுக்கிடுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் இரண்டு புளியமரங்கள். விடுதி மதில் முடியும் இடத்திலிருந்து கோட்டைப் படியின் முதல் கல் வரை நான் நடந்து எண்ணியதில் 610 எட்டு வந்தது. இந்த வழியைச் சுத்தம் செய்து நடைபாதையாக்கித் தருகிறோம், செலவு எங்களுடையது என்று விடுதிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாதக்கணக்காக அது நிலுவையில் இருக்கிறது.

தயக்கம் எதனால் என்று விசாரித்தேன். கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது முதல் காரணம். 1958-ஆம் வருடச் சட்டமும் 2010-இல் அதில் வந்த திருத்தமும் சொல்வதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் உரிய அதிகாரி தரும் அனுமதியோடுதான் எதுவும் கட்ட முடியும். இந்தச் சட்டம் நல்ல சட்டம். இது இல்லையென்றால் மலை அடியில் எத்தனை கடையும் வீடும் எழும்பியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஓட்டை தேடச் சொல்லி நான் கேட்கவில்லை. கடைசி 100 மீட்டரில் கான்கிரீட் வேண்டாம், அலங்கார வளைவு வேண்டாம், கைப்பிடிச் சுவரும் வேண்டாம். முள்ளை வெட்டி, பள்ளத்தில் மண் நிரப்பி, இருக்கும் பாதையை இருக்கும் அகலத்தில் நடக்கும்படி ஆக்கினால் போதும். அதையும் தொல்லியல் துறையினரைக் கேட்டு, அவர்கள் கண் முன்னால் செய்யட்டும். பொதுமக்களுக்கான குடிநீர், கழிப்பறை, வடிகால் வேலைகளை அதே சட்டம் கட்டுமானம் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. எனவே அடிவாரத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் சேர்த்தே அமைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும்படி வேண்டுகிறேன். மலை ஏறி இறங்கும் பெண்கள் இப்போது படும் பாட்டை இந்தத் தாளில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர்க்காரர்கள் சிலரே எதிர்ப்பது. விடுதிக்காரர் செலவில் போட்டால் நாளைக்கு அவர் கேட் போட்டுப் பூட்டிவிடுவார், நம் வழி நமக்கு இல்லாமல் போய்விடும் என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. நானும் அதே பயத்தோடுதான் இந்த மனுவை எழுதுகிறேன். அதனால் என் கோரிக்கையின் முக்கியமான பகுதியே இதுதான்: வட்டாட்சியரும் நில அளவையரும் வந்து அளந்து, எல்லைக்கல் நட்டு, இந்த வண்டிப்பாதை அரசுப் பதிவேட்டில் பொதுவழி என்று இருப்பதை உறுதி செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அனுமதி ஆணையிலேயே, எந்த நேரத்திலும் கேட் போடக் கூடாது, யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது, பாதை ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும் என்று எழுதிவிடுங்கள். விடுதிக்காரர் செலவு செய்ததற்கு நன்றியாக ஒரு சிறு கல்லில் அவர்கள் பெயர் இருக்கட்டும், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் பாதையின் பெயர்ப் பலகையில் கோட்டையின் பெயர்தான் இருக்க வேண்டும், அதன் கீழே நான்கு வரி வரலாறும் தமிழில் இருக்க வேண்டும். இங்கே தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய, அந்த மொழிகளிலும் எழுதினால் இன்னும் நல்லது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் நான்கு பெண்கள் வேர்க்கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறார்கள், ஒரு அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். பாதை வருகிறது என்று அவர்களை எழுப்பிவிடக் கூடாது. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குத் தரும் பாதுகாப்பை அதிகாரிகள் மனதில் வைக்க வேண்டும். இரண்டு புளியமரமும் அப்படியே நிற்க வேண்டும், பாதை அவற்றைச் சுற்றிப் போகலாம். ஓடையைக் குழாய் போட்டு அடைத்துவிடாமல் கல்பாலமாக அமைத்தால் மழைத்தண்ணீர் தன் வழியில் போகும். கடைசி 100 மீட்டருக்கு முந்திய பகுதியில் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் எதிரெதிரே போக முடியும். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் நடைபாதைக்கு அந்த அளவைத்தான் சொல்கிறது. மேடு வரும் இடத்தில் 12 அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம் என்ற சரிவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலை ஏற முடியாத பெரியவர்களும் அடிவாரம் வரை வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். என் அக்காவும் அப்படித்தான் வர முடியும்.

மண்டிக்காரனாக ஒரு வேண்டுகோள்: வேலை நடக்கும்போது ஜல்லி, மண் லாரிகள் காலை பத்து மணிக்குப் பிறகே வர வேண்டும். அதற்கு முன் வந்தால் தக்காளி வண்டி நகராது, சாலையும் அடைத்துக்கொள்ளும்.

ஆணை பிறப்பிப்பதற்கு முன் ஓசூர் சார் ஆட்சியர் அவர்களையோ, தாங்கள் நியமிக்கும் வேறு அதிகாரியையோ ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு இங்கே அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மதியம் வந்தால் சாலை காலியாக இருக்கும், எங்கள் கஷ்டம் தெரியாது. முதலில் மண்டிச் சாலை வழியாகக் கோட்டைக்கு நடந்து போகட்டும், திரும்பும்போது வண்டிப்பாதை வழியாக வரலாம். முள் வெட்ட அரிவாளோடு நானும் என் நடைக் கூட்டாளிகளும் உடன் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராயக்கோட்டை தக்காளி மண்டிக் கணக்கர்

இணைப்பு: வண்டிப்பாதையின் கை வரைபடம் ஒன்று, மண்டிச் சாலையில் காலை நேரத்தில் எடுத்த புகைப்படங்கள் ஆறு, அடிவார வியாபாரிகளும் காலை நடைப்பயிற்சி செய்பவர்களும் கையெழுத்திட்ட தாள்கள் இரண்டு.